தூக்கி நிறுத்தும் எடை

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிப் போகும் சாலையில் இருசக்கர வண்டி ஓட்டுகிற எல்லோருமே, எந்த வண்டியில் போனாலும், டூயல் ஸ்போர்ட் ஓட்டுகிறவர்கள்தான். கிழக்கே கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள். மேற்கே குப்பங்களும் ஆலைச் சுவர்களும். நடுவே துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்கள். டிரெய்லர் சக்கரம் பிதுக்கிவிட்ட தார், ஓரத்தில் குவிந்த மணல், சிந்திய டீசல், மழை பெய்தால் ஆழம் தெரியாத பள்ளம் எல்லாம் ஒரே கிலோமீட்டருக்குள் வந்துவிடும். எண்ணூரைத் தாண்டினால் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த சாலைகள். காட்டுப்பள்ளிக்கு அப்பால் பழவேற்காட்டை நோக்கிப் போகும் கரையோரச் சாலையைப் பல இடங்களில் மணல் மூடியிருக்கும். பெருமழைக்குப் பிறகு அந்த வழி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

தார்ச் சாலையிலும் மண்ணிலும் ஒரே வண்டியாக ஓடுவதற்கென்று கட்டப்பட்டதைத்தான் டூயல் ஸ்போர்ட் என்கிறார்கள். உயரமான இருக்கை, 21 அங்குல முன்சக்கரம், கம்பி போட்ட ரிம், நீளமாக இறங்கி ஏறும் ஷாக், தரையிலிருந்து நன்றாகத் தூக்கி வைத்த இன்ஜின். விளம்பரங்கள் இதைப் பனிமலைக்குக் கூட்டிப்போகின்றன. ராயபுரத்தில் இருந்துகொண்டு வேலைக்காக அடிக்கடி காட்டுப்பள்ளிக்கும் பழவேற்காட்டுக்கும் போய்வருகிற எனக்கு இது அன்றாடத் தேவை. மணலியிலும் அத்திப்பட்டிலும் ஷிப்டுக்குப் போகிற பலருக்கும் அப்படித்தான். புதிதாக எடுக்கப் பணம் போதாது. பழையது எடுக்கலாம். எதை, எவ்வளவுக்கு என்பதுதான் கேள்வி. விலைக்கும் திறனுக்கும் நடுவே தராசைப் பிடிப்பது எளிது என்றுதான் முதலில் தோன்றும். தட்டில் எதை வைப்பது என்று யோசிக்கும்போதுதான் அதன் கனம் தெரிகிறது.

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு வடசென்னையைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளையின் தொழில்தான் எம்.ஆர்.எஃப். டயர் ஆனது. 1948-இல் தொடங்கி எண்ணூரில் ஆலை அமைத்த அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் இங்கிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியது. சக்கரமும் சேஸும் லாரியும் பிறந்த இடம் இது. அவை தேய்கிற இடமும் இதுதான்.

புல்லட்டின் கதை வெறும் உள்ளூர்ப் பெருமைக்காகச் சொல்ல வேண்டியது அல்ல. 1950-களில் இந்திய ராணுவம் எல்லை ரோந்துக்கு ஒரு வண்டி தேடியபோது 350 சிசி புல்லட்டைத் தேர்ந்து 800 வண்டிகளைக் கேட்டது. வேகத்தில் அது முதலிடம் இல்லை. ஒற்றை சிலிண்டர், மெதுவாகச் சுழன்று இழுக்கும் இன்ஜின், ஸ்பேனர் இருந்தால் வழியிலேயே திறந்து மூடக்கூடிய அமைப்பு. முதலில் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வந்து இங்கே பூட்டப்பட்டன. பிறகு செய்கருவிகளும் வந்தன. 1960-களின் தொடக்கத்துக்குள் எல்லாப் பாகமும் இங்கேயே செய்யப்பட்டன. இங்கிலாந்தில் கம்பெனி 1970-ஐ ஒட்டி மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் புல்லட் வந்துகொண்டே இருந்தது. எனக்கு இதில் தெரிவது ஒன்று: ஒரு வண்டியின் திறன் அதற்குள் மட்டும் இல்லை. அதன் பாகம் எங்கே கிடைக்கிறது, அதைத் திறக்கத் தெரிந்த கை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதிலும் பாதித் திறன் இருக்கிறது.

மறு பாதி எடையில் இருக்கிறது. 1968-இல் யமஹா அமெரிக்கச் சந்தைக்கு டி.டி.1 என்ற 250 சிசி வண்டியைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு மண் பாதையில் போக விரும்பியவர்கள் கனத்த சாலை வண்டிகளைப் பிரித்து, தேவையில்லாததைக் கழற்றிப்போட்டு ஓட்டினார்கள். டி.டி.1 கிட்டத்தட்ட 110 கிலோதான். விளக்கும் நம்பர் பிளேட்டும் உண்டு. அப்படியே மண்ணிலும் இறங்கலாம். இந்த வகை வண்டி உலகெங்கும் பரவியதற்கு அதன் மெலிந்த உடம்புதான் காரணம். பின்னால் வந்த அரை நூற்றாண்டில் இன்ஜின் பெரிதாகப் பெரிதாக அந்த மெலிவு கரைந்துபோனது.

நம் சந்தையில் பழையதாகக் கிடைப்பவை சிலவே. 2011-இல் ஹீரோ கொண்டுவந்த 150 சிசி இம்பல்ஸ் இந்தியச் சாலைக்கு முன்கூட்டியே வந்துவிட்ட வண்டி. விற்காமல் நின்றுபோய், நின்ற பிறகு தேடப்பட்டது. 2016-இல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வந்தது: 411 சிசி, 24 குதிரைத்திறன், 32 நியூட்டன் மீட்டர் இழுவை. 2019-இல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வந்தது: 18 குதிரைத்திறன், 17 நியூட்டன் மீட்டர். கார்புரேட்டர் வைத்த எக்ஸ்பல்ஸ் அன்று ஷோரூம் விலையில் 97,000 ரூபாய், ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வைத்தது 1,05,000. இரண்டு கம்பெனி வண்டிக்கும் தரையிலிருந்து இடைவெளி ஒன்றுதான், 220 மில்லிமீட்டர். 2023 நவம்பரில் தண்ணீர் குளிர்விப்போடு 40 குதிரைத்திறனில் புதிய ஹிமாலயன் 450 வந்ததும், பழைய 411-ஐ விற்க நினைப்பவர்கள் கூடினார்கள். வாங்குகிறவர்களுக்கு அது நல்ல காலம்.

காகிதத்தில் பார்த்தால் ஹிமாலயன்தான் ஜெயிக்கும். அதன் இழுவை எக்ஸ்பல்ஸைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதுவும் 4,000 சுழற்சியை ஒட்டியே கிடைத்துவிடுகிறது. டிரெய்லருக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது, பின்னால் ஆளும் மூட்டையும் இருக்கும்போது, இந்த இழுவை ஒரு பெரிய ஆறுதல். கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். எக்ஸ்பல்ஸ் தன் பலத்தைக் காட்ட 6,500 சுழற்சி வரை போக வேண்டும். நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டியைத் தாண்டி நெல்லூர் வரை போகிறவர் மூச்சுத் திணறுகிற 200-ஐவிட 411-ஐ விரும்புவதில் முழு நியாயம் இருக்கிறது.

ஆனால் ஹிமாலயனின் எடை 182 கிலோவில் தொடங்கி பி.எஸ்.6 புகை விதி வரும்போது 199 கிலோ ஆகிவிட்டது. எக்ஸ்பல்ஸ் 154-இல் தொடங்கி 160-ஐ ஒட்டியே நின்றது. வித்தியாசம் ஏறக்குறைய 40 கிலோ. நிரம்பிய சமையல் சிலிண்டர் ஒன்றைவிட அதிகம். ஓடுகிற வண்டியில் இந்தக் கனம் தெரியாது. சாயாமல் ஓடிக்கொண்டிருக்கும்வரை எல்லா வண்டியும் லேசுதான். மணலில் முன்சக்கரம் புதைந்து வண்டி சரிந்து, அக்கம்பக்கம் ஒருவரும் இல்லாத மதியத்தில், குனிந்து ஹேண்டில்பாரைப் பிடித்துத் தூக்கும்போதுதான் அந்த 40 கிலோ வெளியே வருகிறது. காட்டுப்பள்ளிக்கு வடக்கே தனியாகப் போகிறவருக்கு வண்டியின் உச்சத் திறன் எவ்வளவு என்பதைவிட, அது விழுந்த பிறகு தன்னால் அதை எழுப்ப முடியுமா என்பதே பெரிய கேள்வி. தூக்கி நிறுத்த முடியாத வண்டி, எத்தனை குதிரைத்திறன் உடையதானாலும், விழுந்த இடத்தில் பூஜ்யம்தான்.

இருக்கை உயரத்துக்கும் இதே கணக்கு உண்டு. ஹிமாலயனுக்கு 800 மில்லிமீட்டர், எக்ஸ்பல்ஸுக்கு 823. இங்கே குட்டையான ஆட்களுக்கு ஹிமாலயன்தான் தோழன். இரண்டு காலும் தரையில் ஊன்றி நின்றால் பாதி விழுகையைத் தவிர்க்கலாம். நாம் வாங்குவது பெரும்பாலும் வீட்டின் ஒரே வண்டியாக இருக்கும். அம்மாவை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப்போவதும் அதுதான். முட்டி வலி உள்ள ஒரு பெண்மணி பின்னால் ஏறி உட்கார முடியுமா என்பதை எந்தக் கம்பெனியும் திறன் அட்டவணையில் எழுதுவதில்லை. வாங்குகிறவர் எழுதிக்கொள்ள வேண்டும். வண்டி பார்க்கப் போகும்போது வீட்டாரையும் கூட்டிப்போய் ஏறி இறங்கச் சொல்லிப் பார்ப்பது, நண்பனைக் கூட்டிப்போய் ரேஸ் கொடுத்துப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

*

திறனைப் பற்றி எனக்கு அதிகம் கற்பித்தது டூயல் ஸ்போர்ட் எதுவும் இல்லை. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே வரிசை கட்டி நிற்கும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிகள்தான். 1980-இல் ஓசூரில் பிறந்த டி.வி.எஸ். 50-இன் வாரிசுகள் அவை. இன்றைய எக்ஸ்.எல். 100-க்குக் குதிரைத்திறன் நாலரையைத் தொடாது. எடை 90 கிலோவுக்கு உள்ளே. கால் வைக்கும் இடத்தில் ஒரு மீன் பெட்டி, பின்னால் இரண்டு, மேலே ஐஸ். ஈர மணலில் இறங்கும், சந்துக்குள் நுழையும், மாட்டிக்கொண்டால் ஒரு ஆள் தூக்கி வெளியே வைத்துவிடுவார். உப்புத் தண்ணீர் குடித்துத் துருப்பிடித்து, துருவோடே ஓடும். ஒரு ரூபாய்க்கு எவ்வளவு வேலை முடிகிறது என்று பார்த்தால் இந்த நாட்டில் கட்டப்பட்ட எந்த அட்வென்ச்சர் பைக்கும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

எக்ஸ்.எல். எல்லோருக்கும் போதும் என்று சொல்லவில்லை. அது 40-இல் போகும்போது பக்கத்தில் 20 டன் கன்டெய்னர் 60-இல் போகிறது. பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு அடியும் ஓட்டுபவரின் முதுகெலும்புக்கு நேரே ஏறுகிறது. வேகமும் பிரேக்கும் நல்ல ஷாக்கும் ஆடம்பரங்கள் அல்ல, உயிர்காக்கிறவை. ஆனால் விலைக்கும் திறனுக்கும் உள்ள உறவை அளக்கத் தொடங்கும் புள்ளி எக்ஸ்.எல். தான். அதற்கு மேல் கொடுக்கிற ஒவ்வொரு பத்தாயிரத்துக்கும் என்ன கிடைக்கிறது என்று கேட்க வேண்டும். நல்ல பிரேக்குக்கு ஒரு பங்கு, நீண்ட ஷாக்குக்கு ஒரு பங்கு, பெரிய முன்சக்கரத்துக்கு ஒரு பங்கு. இவற்றுக்கு இந்தச் சாலை தினமும் வேலை கொடுக்கும். 120 கிலோமீட்டர் வேகத்துக்கும் ஐந்தாயிரம் மீட்டர் உயரத்தில் திணறாமல் ஏறும் இன்ஜினுக்கும் கொடுக்கிற பங்குக்கு எண்ணூரில் வேலை இல்லை.

தண்டையார்பேட்டையில் இருக்கும் ஒருவர் லடாக் போகும் கனவில் ஹிமாலயன் வாங்கினால் நான் அதைக் குறை சொல்லமாட்டேன். கனவுக்கும் விலை உண்டு. கொடுக்கத் தகுந்த விலைதான். அதைத் தேவைக் கணக்கோடு கலக்காமல் தனியாக எழுத வேண்டும், அவ்வளவுதான். இவ்வளவு என் அன்றாடத்துக்கு, இவ்வளவு என் ஆசைக்கு என்று இரண்டு வரி எழுதிப் பார்த்தால், ஆசையின் தொகை நம்மால் தாங்கக்கூடியதா என்று தெரிந்துவிடும். தாங்க முடிந்தால் முழு மனதோடு வாங்கலாம்.

*

பழைய வண்டி வாங்குகிறவர் இன்ஜினோடு சேர்த்து, அது ஓடிய சாலைகளையும் வாங்குகிறார். சந்தை விலை ஆண்டையும் கிலோமீட்டரையும் பார்த்துப் போடப்படுகிறது. இதில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. வேலூர் பக்கம் நெடுஞ்சாலையில் 30,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி, எண்ணூர் சாலையில் 12,000 ஓடிய வண்டியைவிட இளமையாக இருக்கக்கூடும். மீட்டர் தூரத்தைச் சொல்லும், உப்புக்காற்றைச் சொல்லாது. "வண்டி கண்டிஷன்ல கீது தம்பி, ஒரு வேலையும் இல்ல" என்று விற்கிறவர் நம்பிக்கையோடு சொல்வார். அவர் பொய் சொல்கிறார் என்றும் கொள்ள வேண்டாம். தினமும் ஓட்டுகிறவருக்குத் தேய்மானம் பழகிப்போயிருக்கும்.

அதனால் கண்ணை வைக்க வேண்டிய இடங்கள் வேறு. சக்கரக் கம்பிகள் ரிம்மைத் தொடும் இடத்தில் துரு பூத்திருக்கிறதா? வீலைச் சுழற்றினால் ஆடுகிறதா? முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் விரலை ஓட்டினால் புள்ளிப் புள்ளியாகச் சொரசொரக்கிறதா? அங்கே உப்பு அரித்திருந்தால் ஆயில் சீலை எத்தனை தடவை மாற்றினாலும் கிழிந்துகொண்டே இருக்கும்; குழாயையே மாற்ற வேண்டும். சென்டர் ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பினால் நடுவில் ஒரு இடத்தில் பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் ஹேண்டில்பார் கழுத்தின் பேரிங்குகளான கோன் செட் போய்விட்டது. எண்ணூர் பள்ளங்கள் முதலில் தின்பது அதைத்தான். பின் ஷாக்கின் லிங்க்கேஜ் மணல் புகுந்து கிரீஸ் காய்ந்து முனகும். சேஸின் கழுத்துப் பகுதியிலும் பின் கேரியர் பூட்டும் இடத்திலும் பெயின்ட் வெடித்த கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஹிமாலயனின் முதல் இரண்டு ஆண்டு வண்டிகளைப் பற்றிப் புகார்கள் பரவலாக எழுந்தன. 2017-இல் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனும், 2020-இல் பி.எஸ்.6 இன்ஜினும், மண்ணில் பின்சக்கர ஏ.பி.எஸ்.ஸை அணைக்கும் சுவிட்சும் வந்தன. விலை தாழ்ந்திருக்கிறதே என்று 2016 வண்டியை எடுப்பவர், அந்தத் தாழ்வுக்குக் காரணம் தெரிந்து எடுக்க வேண்டும்.

வெள்ளத்தை மறக்கக் கூடாது. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் இந்த ஊரில் ஆயிரக்கணக்கான வண்டிகள் நீரில் நின்றன. 2023-இல் எர்ணாவூரிலும் எண்ணூர் கழிமுகத்துக் குப்பங்களிலும் புகுந்த நீரில் எண்ணெயும் கலந்திருந்தது. படகும் வலையும் வீட்டுச் சுவரும் கறுத்துப்போன அந்த நாட்களில் வண்டியைக் காப்பாற்ற யாருக்கு நேரம் இருந்திருக்கும்? அப்படி மூழ்கி எழுந்த வண்டிகள் கழுவிப் பளபளப்பாக விற்பனைக்கு வரும். ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் வண்டல், வயர் கனெக்டர்களுக்குள் பச்சை பூத்த செம்பு, ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு, வெளுத்து நுரைத்த இன்ஜின் ஆயில் ஆகியவை அதைக் காட்டிக்கொடுக்கும். கார்புரேட்டர் வண்டியைத் தெரு மெக்கானிக்கே பிரித்துக் கழுவி ஓடவைத்துவிடலாம். சென்சார்களும் கன்ட்ரோல் யூனிட்டும் உள்ள வண்டி மூழ்கியிருந்தால் பல மாதம் கழித்தும் நட்டநடுச் சாலையில் நின்றுவிடும். 2019-இன் கார்புரேட்டர் எக்ஸ்பல்ஸுக்கு இந்தக் கடலோரத்தில் ஒரு தனி மதிப்பு உண்டு என்று நான் நினைப்பது இதனால்தான்.

காகிதமும் வண்டியின் பாகம்தான். டி.என். 03 தண்டையார்பேட்டை, டி.என். 04 ராயபுரம் என்று நம்பரைப் பார்த்ததும் நம் ஊர் வண்டி என்ற நெருக்கம் வரும். நெருக்கத்தை நம்பி அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா, ட்யூ முழுவதும் கட்டி என்.ஓ.சி. வாங்கியாயிற்றா, போலீஸ் அபராதம் பாக்கி இருக்கிறதா என்று அரசின் வாகன் இணையதளத்திலும் பார்த்து, நேரிலும் கேட்க வேண்டும். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டப்படி மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவித்துவிட வேண்டும். இன்சூரன்ஸைத் தன் பெயருக்கு மாற்ற வாங்கியவருக்கு 14 நாள். பெயர் மாற்றாமல் மாதக்கணக்கில் ஓட்டப்படும் வண்டிகள் இங்கே ஏராளம். டிரெய்லர்கள் ஓடும் சாலையில் அப்படி ஓட்டுவது, விபத்து நேர்ந்தால் இரண்டு குடும்பங்களைக் கோர்ட்டில் நிறுத்தும்.

*

இந்தக் கணக்கு முழுவதிலும் ஒரு நியாயமின்மை இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. நல்ல சாலை இருந்தால் ஷிப்டுக்குப் போகிறவருக்கு 100 சிசி வண்டியே தாராளம். நீண்ட ஷாக்குக்கும் பெரிய சக்கரத்துக்கும் நாம் கொடுக்கும் கூடுதல் பணம், சாலைக்குச் செலவாகியிருக்க வேண்டிய பணம். துறைமுகங்களும் சுத்திகரிப்பு ஆலையும் அனல்மின் நிலையங்களும் இந்தப் பட்டையிலிருந்து நாட்டுக்குச் சம்பாதித்துக் கொடுக்கின்றன. அவற்றின் பாரம் இந்தச் சாலைமேல் ஓடுகிறது. அந்தப் பாரம் உடைத்த சாலையைக் கடக்க வேண்டிய செலவு ஓட்டுகிறவரின் தலையில் விழுகிறது. முடிந்தவர் பழைய ஹிமாலயன் எடுத்துத் தப்பிக்கிறார். முடியாதவர் எக்ஸ்.எல்.லில் அதே பள்ளத்தில் இறங்குகிறார். நல்ல வண்டி வாங்கிவிட்டதாலேயே சாலையைப் பற்றிக் கேட்பதை ஒருவர் நிறுத்திவிட்டால், அவர் பின்னால் வருகிறவரைக் கைவிட்டவராகிறார்.

என்னுடைய முடிவு இது. நெடுந்தூரமும் பின்னால் ஆளும் பாரமும் உங்கள் வாழ்க்கை என்றால், 2020-க்குப் பிந்தைய ஹிமாலயன் 411, கடலிலிருந்து தள்ளி ஓடியதாகப் பார்த்து எடுங்கள். தனியாக மணலிலும் சாம்பலிலும் போய்வருகிறவர் என்றால் எக்ஸ்பல்ஸ். எதுவானாலும் வாங்குவதற்கு முன் அதைப் பக்கவாட்டில் மெதுவாகப் படுக்க வைத்து, ஒருவராகவே தூக்கிப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் கேட்டுச் செய்யுங்கள். கையில் ஒரு லட்சம் இருக்கிறது என்றால் எண்பதாயிரத்துக்கு மேல் பேசாதீர்கள். மீதி இருபதாயிரம் டயருக்கும் செயின் செட்டுக்கும் கோன் செட்டுக்கும் பிரேக் பேடுக்கும் பேட்டரிக்கும் போகும். அந்த இருபதாயிரம் மிச்சமில்லாமல் ஒரு லட்சத்தையும் கொடுத்து எடுத்த பெரிய வண்டி, ஆறே மாதத்தில் சின்ன வண்டியைவிடக் குறைவான திறனுள்ளதாகிவிடும். பராமரிக்கக் காசு மிச்சம் வைத்து வாங்கிய வண்டிதான் அதன் அட்டவணையில் எழுதியிருக்கும் திறனை உங்களுக்குக் கொடுக்கும். விலையையும் திறனையும் இணைக்கும் ஒரே கயிறு அந்த மிச்சப் பணம்; பேரம் பேசும்போது அதைத்தான் காப்பாற்ற வேண்டும்.